கரைமேல் நிற்கும் கன்வெர்ட்டர்காரர்களுக்கு

வேடந்தாங்கல் ஏரிக்கரையில் சீசன் ஞாயிறுகளில் கூடும் நண்பர்களுக்கு,



போன ஞாயிறு காலை வாட்ச் டவருக்குக் கீழே டீ பிளாஸ்க்கைச் சுற்றி நாம் எட்டுப் பேர் நின்றிருந்தோம். அப்போது புதிதாக வந்த தம்பி ஒருவர் கேட்ட கேள்வி உங்களுக்கு நினைவிருக்கும். தோளில் 150-600 ஜூம் தொங்கியது. வாங்கி இரண்டு வாரம்கூட ஆகியிருக்காது. லென்ஸ் ஹுட்டில் பிளாஸ்டிக் தாளின் ஓரம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. "அண்ணா, இதுக்கு டூ எக்ஸ் கன்வெர்ட்டர் போட்டா 1200 ஆயிடும்ல? அந்தக் கூழைக்கடாவோட கண்ணு வரைக்கும் வந்துடும்ல?" என்றார்.

எட்டுப் பேர் ஒன்பது பதில் சொன்னோம். ஒருவர் "கண்ணை மூடிட்டு வாங்கு" என்றார். இன்னொருவர் "காசைக் குப்பையில போடாதே" என்றார். மூன்றாமவர் யாரோ கென்யாவில் எடுத்த சிறுத்தைப் படத்தைப் போனில் தேடிக் காட்டினார். நான் "பார்த்து வாங்கு தம்பி" என்றேன். பதினாறு வருடம் கரையில் நின்றவன் சொல்கிற பதிலா அது? வீடு வந்து சேரும்வரை உறுத்தியது. அதனால்தான் இந்த மடல். தம்பிக்கு மட்டுமில்லை, யாரையும் கேட்காமல் வாங்கிவிட்டு வெளியே சொல்லக் கூச்சப்படுகிறவர்களுக்கும் சேர்த்துத்தான்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். என்னிடம் ஒன் பாயின்ட் ஃபோர் கன்வெர்ட்டர் ஒன்று, டூ எக்ஸ் ஒன்று இருக்கின்றன. ஒன் பாயின்ட் ஃபோர் பையிலேயே கிடக்கும். ஐந்து காலைகளில் ஒரு காலை வெளியே வரும். டூ எக்ஸ் பீரோவுக்குள், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூன்று வருடமாகத் தவமிருக்கிறது. விற்கலாம் என்றால், வாங்க வருகிறவரிடம் என்ன சொல்லி விற்பது என்று தெரியவில்லை.

கன்வெர்ட்டர் செய்வது ஒரே வேலை. லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, லென்ஸ் தரும் பிம்பத்தின் நடுப்பகுதியைப் பெரிதாக்கி சென்சார்மேல் விரிக்கிறது. வானியல்காரர்கள் தொலைநோக்கியில் இதே வேலையைப் பார்லோ லென்ஸை வைத்துச் செய்கிறார்கள். 1830களில் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் பெயரில் வந்த சரக்கு அது. ஆக, நாம் புதுசு என்று நினைத்து வாங்குவது கேமராவைவிட மூத்த யோசனை.

பெரிதாகிறதே, வெளிச்சம் எங்கிருந்து வரும்? லென்ஸின் முன்கண்ணாடி வழியே நுழைந்த ஒளி அதேதான். ஒரு கரண்டி மாவைச் சின்னத் தோசையாகவும் ஊற்றலாம், கல் முழுக்க இழுத்தும் விடலாம். இழுத்தால் மெலிந்துபோகும். 1.4 போட்டால் பிம்பம் நீளத்திலும் அகலத்திலும் 1.4 மடங்கு, அதாவது பரப்பில் இரண்டு மடங்கு. ஒளி பாதியாகிறது, ஒரு ஸ்டாப் போச்சு. டூ எக்ஸ் என்றால் பரப்பு நான்கு மடங்கு, ஒளி கால்பங்கு, இரண்டு ஸ்டாப் போச்சு. இதில் எந்தக் கம்பெனிக்காரரும் ஏமாற்றவும் முடியாது, சலுகை தரவும் முடியாது.

இந்தக் கணக்கு எல்லாருக்கும் ஒன்றுதான், ஆனால் எல்லாருக்கும் ஒரே மாதிரி வலிக்காது. 400 எம்எம் எஃப் 2.8 வைத்திருப்பவர் ஒரு ஸ்டாப் கொடுத்தால் எஃப் 4இல் நிற்பார். இன்னொன்று கொடுத்தாலும் எஃப் 5.6. நம்முடைய ஜூம்கள் தொடங்குவதே அங்கேதான். 200-500 என்றால் எஃப் 5.6, 150-600, 200-600, 180-600 எல்லாம் நீள முனையில் எஃப் 6.3. குதிர் நிறைய நெல் இருப்பவர் ஒரு மரக்கால் அளந்து கொடுப்பதும், உலைக்குக் களைந்து வைத்த அரிசியில் நாம் ஒரு ஆழாக்கு எடுத்துக் கொடுப்பதும் ஒன்றாகுமா? 6.3இல் ஒன் பாயின்ட் ஃபோர் போட்டால் எஃப் 9. டூ எக்ஸ் போட்டால் எஃப் 13.

எஃப் 13 என்றால் கரையில் என்ன ஆகும் என்று பாருங்கள். காலை ஏழு மணி வெயில் மரங்களின் தலையில் பட ஆரம்பிக்கும் நேரம். 600இல் 6.3 வைத்து, பறக்கிற நாரைக்கு ஷட்டர் 1/1600, ஐஎஸ்ஓ 800 கிடைக்கிறது என்று வையுங்கள். ஒன் பாயின்ட் ஃபோர் போட்டதும் அதே ஷட்டருக்கு ஐஎஸ்ஓ 1600. டூ எக்ஸ் போட்டதும் 3200. 1200 எம்எம்மில் கை நடுக்கமும் பறவையின் அசைவும் இரண்டு மடங்காகத் தெரியும் என்பதால் ஷட்டரையும் ஏற்ற வேண்டும். அப்போது ஐஎஸ்ஓ 6400. வெயில் மேகத்துக்குள் போய்விட்டாலோ, பறவை இலை நிழலில் உட்கார்ந்துவிட்டாலோ, மேலே சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அடுத்தது ஃபோகஸ். நம்மில் பாதிப் பேர் இன்னும் டிஎஸ்எல்ஆர்தான் வைத்திருக்கிறோம், அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

டிஎஸ்எல்ஆரில் ஃபோகஸ் பார்க்கும் சென்சார் கேமராவின் அடிப்பக்கம் தனியாக இருக்கிறது. அது லென்ஸின் எதிரெதிர் ஓரங்கள் வழியாக வரும் இரண்டு ஒளிக்கற்றைகளை ஒப்பிட்டுத்தான் ஃபோகஸ் முன்னே இருக்கிறதா பின்னே இருக்கிறதா என்று சொல்லும். நம் இரண்டு கண்கள் தூரத்தை மதிப்பிடுவது போலத்தான். லென்ஸின் வாய் குறுகினால் அந்த ஓரக் கற்றைகள் வந்து சேராது. பெரும்பாலான கேமராக்களில் எஃப் 5.6 வரை எல்லாப் புள்ளிகளும் வேலை செய்யும். எஃப் 8இல் சில கேமராக்களில் சில புள்ளிகள் மட்டும். அதற்கு மேல் சத்தியம் கிடையாது.

நிகான் டி500இல் 153 புள்ளிகள். எஃப் 8இல் அவற்றில் 15தான். டி7200இல் 51 புள்ளிகள்; எஃப் 8இல் நடுப்புள்ளி ஒன்றே ஒன்று. கேனான் 7டி மார்க் 2இலும் எஃப் 8 என்றால் நடுப்புள்ளியோடு சரி. 5டி மார்க் 3 வந்தபோது எஃப் 8இல் ஃபோகஸே கிடையாது. 2013இல் ஃபர்ம்வேர் மாற்றிய பிறகுதான் நடுப்புள்ளியில் கிடைத்தது. ஆகவே 200-500 எஃப் 5.6ஓடு ஒன் பாயின்ட் ஃபோர் போட்டு 700 எஃப் 8 ஆக்குவது டி500காரருக்கு ஓரளவு ஓடும். உட்கார்ந்திருக்கும் பறவையை நடுவில் வைத்துப் பிடிக்கலாம். பாம்புத்தாரா மீனைக் குத்திவிட்டுத் தலையை உதறும்போது அது சட்டத்தின் ஓரத்தில் இருந்தால், புள்ளி அங்கே இருக்காது. 150-600 எஃப் 6.3காரர் டிஎஸ்எல்ஆரில் கன்வெர்ட்டர் போட்டால் எஃப் 9. எல்லைக்கு வெளியே போயாச்சு. ஒருசமயம் பிடிக்கும், ஒருசமயம் முன்னும் பின்னும் தேடிக்கொண்டே இருக்கும். தேடும் சத்தத்திலேயே நமக்குப் பொறுமை போய்விடும்.

கன்வெர்ட்டரின் பின்களில் டேப் ஒட்டி கேமராவை ஏமாற்றும் வித்தையை நம்மில் ஒருவர் செய்துகாட்டியது ஞாபகம் இருக்கும். கன்வெர்ட்டர் இருப்பதே தெரியாமல் கேமரா ஃபோகஸ் செய்ய முயலும். ஆனால் ஓரக் கற்றை வராத குறை டேப்பால் தீருமா? அன்று நாற்பது படம் எடுத்து மூன்று தேறின. அந்த மூன்றையும் அவர் எத்தனை பேருக்குக் காட்டினார் என்பதையும் நான் எண்ணியிருக்கிறேன்.

மிரர்லெஸ்காரர்களுக்கு இந்தக் கஷ்டம் குறைவு. அங்கே படம் பிடிக்கும் சென்சாரே ஃபோகஸும் பார்க்கிறது. எஃப் 9, எஃப் 11 என்றாலும் கண்ணைத் தேடிப் பிடித்துவிடும். வெளிச்சம் குறைந்தால் வேகம் குறையும், அவ்வளவுதான். கன்வெர்ட்டர் விற்பனைக்கு மிரர்லெஸ் ஒரு மறுவாழ்வு கொடுத்தது என்றே சொல்வேன். ஆனால் "ஃபோகஸ் ஆகிறது" என்பதும் "படம் தேறுகிறது" என்பதும் இரண்டு விஷயம். கேனானின் ஆர்எஃப் 100-400 டூ எக்ஸையும் ஏற்றுக்கொள்ளும். அப்போது அது 800 எம்எம் எஃப் 16. ஏற்றுக்கொள்கிறது என்பதற்காகப் போட வேண்டும் என்று எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது?

இனி நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். கன்வெர்ட்டர் நமக்குப் பெரிய படத்தைத் தருகிறது. கூடுதல் விவரத்தைத் தருகிறதா?

மார்கழியில் வாசலில் புள்ளிக்கோலம் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். ஏழு புள்ளியில் மயில் போட்டால் அது மயில் என்று சொன்னால்தான் தெரியும். பதினைந்து புள்ளியில் போட்டால் தோகையும் வரும். சென்சாரின் பிக்சல்கள் அந்தப் புள்ளிகள். கன்வெர்ட்டர் பறவையைப் பெரிதாக்குவதால் அதன் உடம்புக்குக் கூடுதல் புள்ளிகள் கிடைக்கின்றன. இதுவரை லாபம்தான். ஆனால் கோலமாவு விரல் தடிமனில் விழுகிறது என்றால் புள்ளியை எவ்வளவு நெருக்கி வைத்து என்ன பயன்? மாவின் தடிமன் என்று நான் சொல்வது லென்ஸின் கூர்மை. ஒளியின் இயல்பினாலேயே எந்த லென்ஸும் ஒரு புள்ளியைப் புள்ளியாகத் தராது. சின்ன வட்டமாகத்தான் தரும். பச்சை ஒளிக்கு எஃப் 6.3இல் அந்த வட்டம் சுமார் 8.5 மைக்ரான். டூ எக்ஸ் போட்டு எஃப் 13 ஆனதும் 17 மைக்ரானுக்கு மேல். பறவை இரண்டு மடங்கு, கலங்கலும் இரண்டு மடங்கு. போதாததற்கு லென்ஸிடம் ஏற்கெனவே இருக்கும் குறைகளையும் கன்வெர்ட்டர் நேர்மையாகப் பெரிதாக்கிக் காட்டும்.

அதனால் கன்வெர்ட்டர் யாருக்கு உதவும் என்பது அவரவர் சென்சாரைப் பொறுத்தது. இதைக் கரையில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. 24 மெகாபிக்சல் ஃபுல்பிரேமில் ஒரு பிக்சல் சுமார் 6 மைக்ரான், அகலமான புள்ளி. லென்ஸ் தரும் விவரத்தில் கொஞ்சம் அந்தச் சென்சார் கையில் சிக்காமல் போகிறது. அதை வைத்திருப்பவர் ஒன் பாயின்ட் ஃபோர் போட்டால் நிஜமாகவே புதிதாக ஏதோ கிடைக்கும். இறகின் நரம்பு, அலகின் கீறல். கேனான் ஆர்7இல் 32.5 மெகாபிக்சலைச் சின்னச் சென்சாருக்குள் அடைத்திருக்கிறார்கள், பிக்சல் 3.2 மைக்ரான். எஃப் 7.1 ஜூமை அதில் மாட்டினால் லென்ஸ் தரக்கூடியதை எல்லாம் அது ஏற்கெனவே உறிஞ்சிக்கொண்டுவிட்டது. அங்கே கன்வெர்ட்டர் போடுவது பிழிந்த கரும்பை மறுபடி மெஷினில் விடுவது மாதிரி. நம் தம்பியிடம் இருப்பது 24 மெகாபிக்சல் கிராப் சென்சார், பிக்சல் சுமார் 3.9 மைக்ரான். அவருக்கு டூ எக்ஸ் வீண். ஒன் பாயின்ட் ஃபோர் ஒரு முடி அளவுக்கு உதவலாம், அதுவும் நல்ல வெயிலில்.

க்ராப் செய்தால் என்ன குறையும் என்கிறீர்களா? 24 மெகாபிக்சல் படத்தை 1.4 மடங்கு வெட்டினால் 12 மெகாபிக்சல் மிஞ்சும். அதை அச்சடித்தால் 300 டிபிஐயில் பதினான்கு அங்குல அகலம் வரும். நாம் எல்லாரும் படத்தை எங்கே பார்க்கிறோம்? 1080 பிக்சல் அகலத்தில், கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், வீட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். எனக்கு இதில் ரொம்பப் பிடித்த சாமான் தினசரி காலண்டர். தேதித் தாளின் அடியில் நல்ல நேரம், இராகு காலம், எமகண்டம், சந்திராஷ்டமம் என்று பொடி எழுத்தில் இருக்குமே, அது. வெயில் படும் மொட்டைமாடிச் சுவரில் ஆணி அடித்துக் காலண்டரை மாட்டுங்கள். பதினைந்து இருபது மீட்டர் தள்ளி முக்காலி போட்டு, கன்வெர்ட்டர் இல்லாமல் ஐந்து படம், போட்டு ஐந்து படம். ஒவ்வொரு முறையும் ஃபோகஸைக் கலைத்துவிட்டுப் புதிதாகப் பிடிக்க வேண்டும். ஒரே ஃபோகஸில் ஐந்து எடுத்தால் அது சோதனை இல்லை. பிறகு கம்ப்யூட்டரில், கன்வெர்ட்டர் இல்லாத படத்தை மற்றதன் அளவுக்குப் பெரிதாக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எதில் இராகு காலம் படிக்க முடிகிறது?

என் லென்ஸில் நான் பார்த்தது இது. ஒன் பாயின்ட் ஃபோரை முழுத் திறப்பில் போட்டால் இரண்டும் ஏறக்குறைய சமம். எஃப் 11க்கு மூடினால் கன்வெர்ட்டர் படத்தில் "எமகண்டம்" சற்றுத் தெளிவாக நின்றது. டூ எக்ஸில் எழுத்து பெரிதாக இருந்தது, ஆனால் 3-க்கும் 8-க்கும் வித்தியாசம் தெரியவில்லை. இராகு காலத்தை நம்பி ஒரு வேலையும் தொடங்க முடியாது. உங்கள் லென்ஸில் வேறு மாதிரி வரலாம். ஒரே மாடல் ஜூம்களுக்குள்ளேயே பிரதிக்குப் பிரதி வித்தியாசம் உண்டு. இரவல் வாங்கியாவது இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரும் காசு கட்ட வேண்டாம்.

அதே காலண்டரை அறுபது மீட்டர் தள்ளி, எதிர்வீட்டு மாடியில் அனுமதி கேட்டு மாட்டிப் பாருங்கள். காலை ஆறரைக்கு ஒன்று, பத்து மணிக்கு ஒன்று. பத்து மணிப் படத்தில் எழுத்துகள் கொதிக்கும் பாலில் மிதப்பது போலத் தெரியும். லென்ஸ் கெட்டுவிட்டது என்று சர்வீஸுக்குக் கொண்டுபோகாதீர்கள், அது கானல். சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து ஒளியை வளைக்கின்றன. பள்ளிக்கரணையில் வெந்துகிடக்கும் தார்ச் சாலையின் இந்தப் பக்கம் நின்று அந்தப் பக்கத்து நெடுங்கால் உள்ளானை எடுக்கிறோமே, அங்கே ஒன்பது மணிக்கு மேல் 1200 எம்எம் என்பது கானலைப் பெரிதாக்கும் கருவி. கூந்தன்குளத்துக்குப் போகிறவர்கள் ஏசி ஓடும் காரின் கண்ணாடியை இறக்கி, அந்த இடுக்கிலேயே லென்ஸை நீட்டுகிறார்கள். உள்ளே குளிர், வெளியே அனல். இரண்டும் லென்ஸின் மூக்கிலேயே சந்தித்துக்கொள்கின்றன. ஏசியை அணைத்துப் பத்து நிமிடம் உட்கார்ந்திருங்கள். இலவசம்.

வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். எல்லா ஜூமிலும் கன்வெர்ட்டர் ஏறாது. கன்வெர்ட்டரின் முன்கண்ணாடி லென்ஸின் பின்புறக் குழிக்குள் நுழைய வேண்டும். பல சாதாரண 70-300 ஜூம்களில் அதற்கு இடமே இல்லை. நிகான் கன்வெர்ட்டர்களில் இதைத் தடுக்கவே ஒரு சின்னப் பல் வைத்திருப்பார்கள். அதை அரத்தால் ராவிவிட்டு மாட்டுகிறவர்கள் உண்டு. கண்ணாடியும் கண்ணாடியும் முட்டிக்கொள்ளும் சத்தத்தைக் கேட்கத் தைரியம் இருந்தால் ராவலாம். கேனான் ஆர்எஃப் 100-500இல் வேறு மாதிரி. ஜூமை 300ஐத் தாண்டி நீட்டிய பிறகுதான் கன்வெர்ட்டர் உள்ளே போகும். போட்டால் 420-700 எஃப் 10. அதற்குக் கீழே சுருங்காது, பையில் வைக்கவும் நீட்டியபடிதான். 100இல் தொடங்கும் ஜூமை வாங்கியவர் தலைக்கு மேலே பறக்கும் கரண்டிவாயனை விட்டுவிட வேண்டியதுதான்.

கழற்றி மாட்டும் விஷயத்தில் என் வெட்கக்கேடு ஒன்று. இரண்டு வருடம் முன்பு, தை மாதம், கரையில் கற்கள்மேல் உட்கார்ந்து கன்வெர்ட்டரைக் கழற்றினேன். லென்ஸை விடுவிக்கும் தாழ் கன்வெர்ட்டரிலும் இருக்கிறது, கேமராவிலும் இருக்கிறது. அவசரத்தில் கேமராப் பொத்தானை அழுத்திவிட்டேன். கேமரா தனியாக வந்து கழுத்து வாரில் வாயைத் திறந்தபடி தொங்கியது; லென்ஸோடு கன்வெர்ட்டர் மடியில். அதைத் திருகி எடுத்தால் இப்போது மூன்று சாமான், நான்கு மூடிகள், இரண்டு கைகள். ஒரு மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டேன். தலைக்கு மேல் ஒரு வக்கா பறந்துவர, திறந்துகிடக்கும் சென்சாரை மறைக்கக் கையைக் கொண்டுபோனேன். கன்வெர்ட்டர் உருண்டது. கல், கல், சேறு. கண்ணாடி பிழைத்தது. அதன் முன்மூடி நீருக்குள் போயிற்று. சரணாலயத்து ஏரியில் பிளாஸ்டிக் போட்ட பாவம் ஒருபுறம். கேமராவுக்குள் போன தூசி ஒருபுறம். அந்தச் சீசன் படங்கள் முழுக்க வானத்தில் ஐந்து கரும்புள்ளிகள். அன்றிலிருந்து கன்வெர்ட்டர் போடுவதா வேண்டாமா என்பதை வண்டிக்குள்ளேயே முடிவு செய்துவிடுகிறேன். கரையேறிய பிறகு மாற்றுவதில்லை.

தூரத்தைப் பற்றியும் பேச வேண்டும். ஒரு மீட்டர் உயர சங்குவளை நாரை 100 மீட்டரில் நிற்கிறது என்றால், 600 எம்எம் லென்ஸில் சென்சார்மேல் 6 மில்லிமீட்டர் உயரத்தில் விழும். ஒன் பாயின்ட் ஃபோர் போட்டால் 8.4. அதே 8.4 மில்லிமீட்டர் வேண்டுமென்றால் கன்வெர்ட்டர் இல்லாமல் முப்பது மீட்டர் கிட்டப் போனால் போதும். ஒளியும் குறையாது, கானலும் குறையும். கிராமத்து ஏரியோரம் நத்தைகுத்தி நாரை வயலில் மேயும்போது, வரப்பில் உட்கார்ந்து உட்கார்ந்து முப்பது மீட்டர் நகர்வது ஒரு மணி நேர வேலை. அந்த ஒரு மணி நேரத்தைக் காசு கொடுத்து வாங்கத்தான் நாம் கன்வெர்ட்டர் தேடுகிறோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

வேடந்தாங்கலில் அது நடக்காது, நடக்கவும் கூடாது. கரைக்கும் நீர்க்கடம்ப மரங்களுக்கும் நடுவே தண்ணீர் இருக்கிறது. மரத்தில் கூடு இருக்கிறது. எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று தெரிந்த ஊர் அது. பறவைகளைச் சுட வந்தவர்கள்மேல் வெள்ளைக்காரனிடமே புகார் செய்து, 1798இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸிடம் காக்கும் உரிமையை எழுத்தில் வாங்கிய ஊர். அந்த இடைவெளி ஊரார் பறவைகளுக்கு வாங்கிக் கொடுத்தது. நம் சட்டத்தில் பறவை சின்னதாக விழுகிறது என்றால், சின்னதாகவே இருக்கட்டும். மரம் நிறைய நாரைகளும், கீழே தண்ணீரில் அவற்றின் வெள்ளையும், ஒரு ஓரமாகக் கூட்டுக்குக் குச்சி கொண்டுவரும் நீர்க்காகமும் இருக்கிற படத்தை 300 எம்எம்மில் எடுக்கலாம். கூழைக்கடாவின் கண்ணை மட்டும் எடுத்தால் அது எந்த ஊர்க் கண் என்று யாருக்குத் தெரியப்போகிறது?

கன்வெர்ட்டரை நான் வெறுக்கிறேன் என்று எண்ண வேண்டாம். நம் கூட்டத்தில் கல்யாண வீட்டுப் படம் எடுப்பவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் 70-200 எஃப் 2.8 சும்மா இருக்கிறது, முகூர்த்தம் இல்லாத மாதங்களில். அதில் டூ எக்ஸ் போட்டால் 140-400 எஃப் 5.6. ஃபோகஸ் புள்ளிகள் அத்தனையும் உயிரோடு இருக்கும். தனியாக ஒரு 400 ஜூம் வாங்குகிற செலவு மிச்சம். என் பீரோவில் தவம் கிடக்கும் டூ எக்ஸ் அவர்களில் ஒருவருடைய லென்ஸுக்குப் பொருந்துமானால் விலை பேசலாம். கல்யாணச் சாப்பாடு ஒன்றைச் சேர்த்துக்கொண்டு.

இன்னொரு உபயோகத்தை நான் தற்செயலாகத்தான் கண்டுகொண்டேன். கன்வெர்ட்டர் போட்டாலும் லென்ஸ் எவ்வளவு கிட்டத்தில் ஃபோகஸ் ஆகுமோ அந்தத் தூரம் மாறாது. இரண்டேகால் மீட்டரில் ஃபோகஸ் ஆகிற ஜூம், கன்வெர்ட்டரோடும் அதே இரண்டேகால் மீட்டரில் ஃபோகஸ் ஆகும், 1.4 மடங்கு பெரிதாக. கரையோரத்துக் கோரையில் உட்காரும் தும்பியைப் பாருங்கள். பதினொரு மணி வெயில், பறவைகள் எல்லாம் நிழலுக்குள் போயிருக்கும், ஒளிக்குப் பஞ்சமில்லை, இரண்டேகால் மீட்டரில் கானல் ஏது? எஃப் 11இல் அதன் சிறகின் சட்டம் சட்டமான நரம்புகள் ஒவ்வொன்றும் நிற்கும். என் ஒன் பாயின்ட் ஃபோர் அதிகம் சம்பாதித்தது பறவையில் இல்லை, தும்பியில்தான்.

ஆகவே தம்பி, இதைப் படித்தால்: ஆர்டரை நிறுத்தி வையுங்கள். வரும் ஞாயிறு ஆறு மணிக்கு என்னுடைய ஒன் பாயின்ட் ஃபோரை எடுத்து வருகிறேன். உங்கள் லென்ஸின் மவுன்ட்டும் நம் கூட்டத்தில் வேறு ஒருவருடையதும் ஒன்றுதான் என்று நினைக்கிறேன்; என்னுடையது பொருந்தாவிட்டால் அவருடையது. வண்டிக்குள் மாட்டிக்கொண்டு மேலே போகலாம். பத்து மணிக்குத் திரும்பி வந்து கழற்றலாம். ஏப்ரல் மாதத்துக் காலண்டர் தாள் ஒன்றும் மடித்து எடுத்து வருகிறேன், பார்க்கிங் சுவரில் ஒட்டிப் பார்க்க.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். என் கன்வெர்ட்டருக்கு முன்மூடி இல்லை என்பது இப்போது உங்களுக்குத் தெரியும். இரண்டு வருடமாக ஒரு மருந்துப் பாட்டில் மூடியை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். யாரிடமாவது உபரி மூடி இருந்தால் கொண்டு வாருங்கள். டீ என் செலவு.

அன்புடன்,
கரையின் வடகோடியில் மடக்கு நாற்காலி போடுகிறவன்